இருபத்தேழா? பதினோராயிரமா?

“பெண் மூலம், வேண்டாம்!”

மூன்றே சொற்கள். அதற்குமேல் ஒரு சொல் இல்லை. தாம்பரத்தில், இரயில் பாதைக்கு மேற்கே, நாம் குடியிருக்கும் தெருவில், அடுத்த வீட்டுக்கு வந்து சேர்ந்த பதில் அது. அந்தப் பெண் பட்டம் பெற்றவள். நம்மைப் போலவே பள்ளியிலே பாடம் சொல்லிக் கொடுப்பவள். அவள் அறிவு என்ன, பண்பு என்ன, எண்ணம் என்ன என்று எவரும் கேட்டார்களில்லை. முகத்தைக்கூடப் பார்த்தார்களில்லை. கட்டம் போட்ட காகிதம் ஒன்று சென்றது. கட்டளைபோல் மறுமொழி வந்தது. மூல நட்சத்திரத்துப் பெண் அடியெடுத்து வைத்தால் மாமனார் ஆயுளுக்கு ஆபத்தாம்! பிள்ளையின் தந்தை, பாவம், நெடுநாள் வாழ விரும்புகிறார்.

அதே வாரத்தில் நம்முடைய வகுப்பிலே வேறோர் உரையாடல். மாணவன் ஒருவன் கணினியிலே விளையாடும் விளையாட்டைப் பற்றிக் கதைகதையாய்க் கூறினான். விண்கலம் ஒன்றை ஓட்டிக்கொண்டு, விண்மீனுக்கு விண்மீன் தாவிச் சென்று, ஒளிரும் முகில்களையும் சிதறிய மீன்கூட்டங்களையும் கண்டு குறித்து வரும் விளையாட்டாம். “அதிலே ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் இருக்கிறது, சார்! மெசியே 42 என்கிறார்கள், என்.ஜி.சி. 7000 என்கிறார்கள். அவை உண்மையாகவே வானத்தில் இருப்பவையாம். அப்படியென்றால் அந்தப் பட்டியலை முதலில் எழுதியவர் யார், சார்?”

கேட்டானே ஒரு கேள்வி! அடுத்த வீட்டுப் பெண்ணின் வாழ்வை மறித்து நிற்பதும் ஒரு விண்மீன் பட்டியல்தான். அசுவினி தொடங்கி ரேவதி முடிய இருபத்தேழு பெயர் கொண்டது. இந்த மாணவன் கையிலே இருப்பதும் ஒரு விண்மீன் பட்டியல்தான். முன்னதைப் பற்றித் தெருவுக்கு ஒருவர் விளக்கம் தருவார். பின்னதைப் போன்ற பெரும் பட்டியல் ஒன்று நம் சென்னையிலே, நுங்கம்பாக்கத்திலே எழுதப்பட்டது என்பதை நூற்றுக்கு எத்தனை பேர் அறிவர்? நாமே கல்லூரியில் வரலாறு படித்து முடிக்கும் வரை அறியோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

எனவே ஒரு விடுமுறை நாளில், முன்கூட்டியே எழுதி இசைவு பெற்று, மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு புறநகர் இரயிலில் ஏறினோம். புறப்பட்டுச் சில நிலையங்கள் கடந்ததும் பல்லாவரம். 1863-ம் ஆண்டு இராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்கால மனிதனின் கற்கருவியைக் கண்டெடுத்தது இங்கேதான் என்றோம். அதற்கப்பால் பரங்கிமலை. இங்கிருந்து பெரும்பாக்கம் குன்று வரை, 1802-ம் ஆண்டு ஏப்ரல் 10-ம் நாள் தொடங்கி, இரும்புச் சங்கிலி பிடித்து நிலத்தை அளந்தார் வில்லியம் லாம்டன். நீளம் ஏழரை மைல். ஏழரை என்றதும் சனியை எண்ணி நடுங்குவோர் நாட்டிலே நிரம்ப உண்டு. அந்த ஏழரையால் எவர் வாழ்வும் அளக்கப்பட்டதில்லை. இந்த ஏழரையை அடிக்கோடாகக் கொண்டு, முக்கோணத்தின்மேல் முக்கோணம் கட்டி, இமயம் வரையில் நாடு முழுவதும் அளக்கப்பட்டது!

அந்த அளவைக்குத் தொடக்கப் புள்ளி வேண்டுமே? நுங்கம்பாக்கத்து வானாய்வு நிலையம் தந்தது அதை.

அதன் கதை சுருக்கமானது. வில்லியம் பெட்ரி என்னும் கம்பெனி அதிகாரி 1786-ம் ஆண்டு எழும்பூரிலே தம் சொந்தச் செலவில் சில கருவிகளை நிறுவினார். அவற்றைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. மைக்கேல் டாப்பிங் வரைந்த திட்டப்படி 1792-ம் ஆண்டு நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுந்தது. கம்பெனிக்கு வானத்தின்மேல் திடீர்க் காதலா? இல்லை. கப்பல் கரை தட்டாமல் வரவேண்டும். அதற்குக் கடற்கரையின் இருப்பிடம் சரியாகத் தெரிய வேண்டும். அதற்கு விண்மீன் கணக்கு வேண்டும். பிடித்த நிலத்தை அளக்கவேண்டும், வரி போடவேண்டும். வாணிபத்துக்காக வந்த கருவிகள்தாம். எனினும் கருவி வந்தபின் அதன் கண் வாணிபத்தோடு நின்றுவிடவில்லை.

அங்கே இன்றும் நிற்கிறது பதினைந்தடி உயரக் கருங்கல் தூண் ஒன்று. முதற்கருவியைத் தாங்கிய தூண். இலத்தீனிலும், தமிழிலும், தெலுங்கிலும், இந்துஸ்தானியிலும் எழுத்து வெட்டப்பட்டிருக்கிறது. ஆசியாவிலே கணித அறிவியலை ஆங்கிலேயரின் பெருந்தன்மை முதன்முதல் நட்ட காலத்தை, ஆயிரம் ஆண்டுக்குப் பிற்பட்டவர்களும் அறியட்டும் என்பது அதன் கருத்து. படித்துப் பொருள் கூறினோம். மாணவர் முகத்திலே சினம்! “அதற்கு முன் இங்கே கணக்கே இல்லையா, சார்?” என்றான் ஒருவன்.

இருந்தது. எப்படி இருந்தது என்பதற்குச் சான்று தருபவரும் இதே நிலையத்திலே பணியாற்றிய ஒருவர்தான். ஜான் வாரன் என்பவர், 1825-ம் ஆண்டு வெளியிட்ட ‘காலசங்கலிதை’ என்னும் நூலில், தமிழ்நாட்டுக் காலக்கணக்கு முறைகளை விரிவாக எழுதினார். புதுவையிலே பஞ்சாங்கம் கணிப்பவர் ஒருவர், ஏட்டில் எழுதாமல், தரையிலே சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டு, அவ்வாண்டு நடைபெறவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்க நேரத்தில் பிழை நான்கே நிமிடம்! நடுவிலே இருபது நிமிடத்துக்கு மேல். முடிவிலே ஐம்பது நிமிடத்துக்கு மேல். சோழியை வைத்துக்கொண்டு இவ்வளவு நெருங்கினாரே என்று நாம் வியக்கிறோம். வியப்போடு வேதனையும் வருகிறது. பல நூற்றாண்டுக்கு முன் வாழ்ந்த எவரோ ஒருவர் வானத்தை உற்று நோக்கி அந்த வாய்பாட்டை அமைத்தார். பின்வந்தவர்கள் வாய்பாட்டை உற்று நோக்கினார்கள், வானத்தை நோக்கவில்லை! பிழை ஐம்பது நிமிடமாக வளர்ந்ததைத் திருத்த எவரும் எழவில்லை. அறிவு இல்லாமல் போகவில்லை. அறிவுக்கு அணை போட்டுவிட்டார்கள்.

நுங்கம்பாக்கத்திலே நடந்தது என்ன? 1830-ம் ஆண்டு பொறுப்பேற்றார் தாமஸ் கிளான்வில் டெய்லர். அவர் கையிலே இரண்டு கருவிகள். ஒன்று, வடக்கு–தெற்குக் கோட்டிலே மட்டும் மேலும் கீழும் அசையும் தொலைநோக்கி. மற்றொன்று, சுவரிலே பொருத்திய, பாகை குறித்த பெருவட்டம். அருகே ஒரு கடிகாரம். இவ்வளவுதான். கருவி விண்மீனைத் தேடிப் போவதில்லை. விண்மீனே கருவிக்கு வரும், பூமி சுழல்வதால். கண்ணாடிக்குள் மெல்லிய நூலிழை. விண்மீன் அந்த இழையைக் கடக்கும் கணத்தைக் கடிகாரத்தின் ‘டிக்’ ஒலியை எண்ணியபடி குறிக்கவேண்டும். காலம் ஒரு விநாடி தவறினால் வானிலே பதினைந்து விகலை தவறும். எத்தனை உயரத்தில் கடந்தது என்பதைச் சுவர்வட்டம் சொல்லும். காலம் ஓர் எண், உயரம் ஓர் எண். இரண்டும் சேர்ந்தால் அந்த விண்மீனின் முகவரி! அத்துடன் முடிந்ததா? காற்றுமண்டலம் ஒளியை வளைக்கிறது, அதற்குத் திருத்தம். பூமியின் அச்சு பம்பரம்போல் தலையாட்டுகிறது, அதற்குத் திருத்தம். ஓர் இரவுப் பார்வைக்குப் பல பகல் கணக்கு.

இப்படி இரவு இரவாக, சென்னையின் வேர்வைக் கோடையிலே, கொசுக்கடியிலே, மழை முகில் விலகிய இடைவெளியிலே, டெய்லரும் இந்திய உதவியாளர்களும் உழைத்தனர். 1844-ம் ஆண்டு வெளிவந்தது சென்னை விண்மீன் பட்டியல். அதிலுள்ள விண்மீன்கள் 11,015! இங்கிலாந்து அரசு வானியலாளர் ஏரி, தற்காலப் பட்டியல்களுள் அதுவே பெரியது எனப் பாராட்டினார்.

சென்னைக்கு என்ன தனிச் சிறப்பு? இலண்டன் கிரீனிச்சில் நிற்பவனுக்குத் தென் வானத்தின் பெரும் பகுதி தொடுவானத்துக்குக் கீழே மறைந்து கிடக்கிறது. அகத்தியர் என்று நாம் அழைக்கும் ஒளிமிக்க விண்மீனை அவன் தன் ஊரிலிருந்து ஒருநாளும் காணமுடியாது. சென்னையோ பதின்மூன்று பாகையில் இருக்கிறது. இங்கே அகத்தியர் இருபத்து நான்கு பாகை உயரம் எழுகிறது. இலட்சக்கணக்கான மீன்கள் திரண்ட ஒமேகா சென்டாரி என்னும் கூட்டம் முப்பது பாகை அளவுக்கு உயர்கிறது. தெற்கே தாழ்வாகப் பெரும் விண்முகில் ஒன்று, காரினா முகில், தலைகாட்டுகிறது. அதே சமயம் வடவானத்திலும் பெரும் பகுதி தெரிகிறது. இரு வானத்தையும் ஒரே சாளரத்தில் காணும் ஊர் நம் ஊர்.

விண்முகில் பட்டியலின் பிறப்பு வேடிக்கையானது. பிரான்சு நாட்டு மெசியே வால்மீன் தேடுபவர். வால்மீன் என்று எண்ணி நெருங்கினால் அசையாத மங்கல் ஒளியாய் இருந்து ஏமாற்றின சில. இனி ஏமாறக்கூடாதென்று அவற்றை எழுதி வைத்தார். 1781-ல் வெளியான பதிப்பில் 103. தேவையற்றவை என்று அவர் ஒதுக்கிய குப்பைப் பட்டியலே இன்று அவர் புகழைக் காத்து நிற்கிறது! 1888-ல் டிரேயர் தொகுத்த புதுப் பொதுப் பட்டியலில் 7,840. நம் மாணவன் சொன்ன ‘என்.ஜி.சி.’ அதுதான்.

டெய்லருக்குப் பின் வந்த ஜேக்கப் இரட்டை விண்மீன்களை ஆராய்ந்தார். 1855-ல் ஓர் இரட்டையின் ஓட்டத்திலே தடுமாற்றம் கண்டு, கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று அதை இழுக்கிறது என்றார். வேறொரு விண்மீனுக்குக் கோள் உண்டு என்று நுங்கம்பாக்கத்திலிருந்து எழுந்த குரல்! பிறகு பிறர் சரிபார்த்தனர், கோள் இல்லை என்று தேர்ந்தனர், எடுத்துவிட்டனர். அவ்வளவுதான். அந்தக் கோளுக்காக எவரும் பரிகாரம் செய்யவில்லை, எள் தீபம் ஏற்றவில்லை.

1861-ல் வந்தவர் நார்மன் போக்சன். இவருடைய பெயர் வானியல் உள்ளவரை நிலைக்கும். ஐந்து படி வேறுபாடு என்றால் ஒளி நூறு மடங்கு வேறுபாடு என்று விண்மீன் ஒளிக்கு அளவுகோல் வகுத்தவர் அவர். 1856-ல், சென்னைக்கு வருமுன். வந்த ஆண்டே ஏப்ரல் 17-ம் நாள் சென்னையிலிருந்து ஒரு சிறுகோளைக் கண்டார். ஆசியாவிலிருந்து காணப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ‘ஆசியா’ என்றே பெயர். முப்பது ஆண்டு இங்கேயே உழைத்து, 1891-ல் மறைந்தார். அவர் காலத்துப் பார்வைகளிலிருந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் பட்டியலை, அவர் மறைவுக்குப் பின் மிக்கி ஸ்மித் முடித்து வெளியிட்டார்.

போக்சனின் மகள் ஐசிஸ், 1873-ல் அங்கே கணக்கராக அமர்ந்து இருபத்தைந்து ஆண்டு பணிபுரிந்தார். 1886-ல் அவரை இலண்டன் வானியல் கழகத்தின் உறுப்பினராக்கத் தந்தை முன்மொழிந்தார். பெண்ணுக்கு இடமில்லை என்றது சட்ட நுணுக்கம்; மொழிவு திரும்பப் பெறப்பட்டது. 1920-ல்தான் உறுப்பினரானார். முப்பத்து நான்கு ஆண்டு! ஆகாயத்தை அளந்த மேலை நாட்டுப் பேரறிஞர்களும், ஆண்–பெண் என்ற அளவிலே நம் தெருப் பெரியவர்களுக்குச் சளைத்தவர்களல்லர். இதை மறைத்துவிட்டு மேலைநாட்டைப் புகழ்வது நமக்கு அழகல்ல.

இனி, நாம் நெடுநேரம் பேச விரும்பும் மனிதருக்கு வருவோம்: சிந்தாமணி இரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் மரபிலே தோன்றியவர். இளமையிலேயே நிலையத்தில் சேர்ந்து, முதல் உதவியாளராக உயர்ந்தார். 1867-ம் ஆண்டு சனவரியில், தென்கோடி வானத்திலே ஒரு விண்மீன், ஒளி கூடியும் குன்றியும் மாறுவதைக் கண்டறிந்தார். இன்றும் அதற்கு ‘ஆர் ரெடிகுலி’ என்று பெயர். ஏறக்குறைய 278 நாளுக்கொரு முறை ஒளிர்ந்து மங்குகிறது. வானம் மாறாதது, விண்மீன் நிலையானது என்று ஓதிய நாட்டிலே, ‘மாறுகிறது, பார்!’ என்று விரல் நீட்டிக் காட்டிய இந்தியர்! 1868 ஆகஸ்டு 18-ல் முழுச் சூரிய கிரகணம். குண்டூரிலே பிரெஞ்சு அறிஞர் ஜான்சன், மசூலிப்பட்டினத்திலே போக்சன், வனபர்த்தியிலே இரகுநாதாச்சாரி. பின்னாளில் ஹீலியம் எனப் பெயர்பெற்ற பொருளின் மஞ்சள் கோடு சூரிய ஒளியிலே தென்பட்ட கிரகணம் அது. 1871-ல் மறுபடியும் கிரகணம். அவிநாசியிலே கருவியோடு நின்றார். ஊர் கதவடைத்து, தர்ப்பையைச் செருகிக்கொண்டு இருந்த நேரத்திலே, இவர் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1872-ல் இலண்டன் வானியல் கழகத்தின் உறுப்பினரானார்.

1874-ல் வெள்ளி, சூரிய வட்டத்தைக் கடக்கவிருந்தது. அதைப் பொதுமக்களுக்கு விளக்க ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் சிறுநூல் எழுதினார். பஞ்சாங்கங்கள் வானத்தோடு ஒட்டவில்லை, பார்த்துத் திருத்துங்கள் என்று வாதாடினார். ‘திருக்கணிதம்’ என்ற பெயரில் தாமே பஞ்சாங்கம் வெளியிட்டார். கண்ணால் கண்டு கணித்தது என்பது பொருள். பண்டிதர் கூட்டம் ஏற்றதா? முன்னோர் வாக்கியத்தை மாற்றுவதா என்று எதிர்த்தது.

அவரை நாம் முழுதும் நம்மவர் என்று கொண்டாட முடியாது. பஞ்சாங்கத்தைத் திருத்தினார், தள்ளினாரில்லை. நாழிகையைச் சரி செய்தார். நல்ல நாழிகை, கெட்ட நாழிகை என்ற எண்ணத்தை விட்டுவிட்டார். ஆயினும், தன் மரபினரின் முகத்துக்கு நேரே ‘உங்கள் கணக்குத் தவறு’ என்று சொல்லும் துணிவு அவருக்கு இருந்தது. 1880-ல் அவர் மறைந்தார். பலன் என்ன? இன்றும் நாட்டிலே வாக்கியம் ஒன்று, திருக்கணிதம் ஒன்று, இரண்டு பஞ்சாங்கங்கள்! சனி கும்பத்துக்குப் பெயர்ந்தது 2023 சனவரி 17 என்கிறது ஒன்று; 2023 டிசம்பர் 20 என்கிறது மற்றொன்று. பதினொரு மாத வேற்றுமை! ஒரே சனி! இடைப்பட்ட காலத்திலே அவர் எங்கே தங்கியிருந்தார்? மாடிக்கு ஏறிப் பார்த்தால் தெரிந்துவிடும். பார்க்கத்தான் ஆளில்லை.

இந்த நினைவோடு திரும்பிய நமக்கு ஒரு யோசனை எழுந்தது. அடுத்த வீட்டுப் பெண் பிறந்த ஆண்டின் இரண்டு பஞ்சாங்கங்களையும் தேடிப் பிடித்தோம். பிறந்த நேரத்தை வைத்துப் பார்த்தோம். திருக்கணிதத்தின்படி மூலம். வாக்கியத்தின்படி மூலம் பிறக்க இன்னும் சில நிமிடம் இருக்கிறது, எனவே கேட்டை! மூலமானால் மாமனாருக்கு ஆகாது. கேட்டையானால் மூத்த மைத்துனனுக்கு ஆகாதாம். எந்த அச்சகத்திலே அச்சிட்டது என்பதைப் பொறுத்து, சாகவேண்டியவர் மாறுகிறார்!

அவளுடைய தந்தையிடம் காட்டினோம். நெடுநேரம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “அப்படியானால் கேட்டை என்றே எழுதி அனுப்பலாமா, தம்பி?” என்றார். பிள்ளை வீட்டில் மூத்த மகன் இல்லையாம்! நமக்குச் சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை. கணக்குச் சொன்னோம். நிலவு ஒவ்வொரு நட்சத்திரப் பகுதியிலும் ஏறத்தாழ ஒருநாள் தங்குகிறது. அந்த நாளில் உலகம் முழுதும் பிறக்கும் குழந்தைகள் அனைவருக்கும் ஒரே நட்சத்திரம். 800 கோடிப் பேரை இருபத்தேழால் வகுத்தால், மூலத்துக்கு ஏறக்குறைய 30 கோடி. பாதி பெண்கள் என்றால் 15 கோடி. அத்தனை பேரின் மாமனார்களும் மாண்டிருந்தால் சீனத்திலும் ஐரோப்பாவிலும் இந்நேரம் கிழவர்களே இருக்கமாட்டார்களே! பெரியவர் பேசவில்லை. ஏற்றுக்கொண்டார் என்று நாம் சொல்லமாட்டோம். மறுக்கவுமில்லை.

மகள் பேசினாள். “கேட்டை என்று எழுதவேண்டாம், அப்பா. அந்த வீட்டுக்கு எதுவுமே எழுதவேண்டாம்.”

நுங்கம்பாக்கத்துப் பணி 1899-ல் கோடைக்கானலுக்குப் பெயர்ந்தது. பிற்காலத்தில் சவ்வாது மலையிலே காவலூரில் வைணு பாப்பு நிறுவிய நிலையத்தில், 1988-ல் ஒரு சிறுகோள் கண்டுபிடிக்கப்பட்டு இராமானுஜன் பெயரைப் பெற்றது. அந்தத் தொலைவுக்கு மாணவரை அழைத்துச் செல்ல நம் சம்பளம் இடந்தராது. ஓர் இரட்டைக்கண் நோக்கியை மட்டும் இரவல் பெற்றோம். ஆனி மாதத்து இரவு, மொட்டை மாடி, மாணவர் நால்வர், அந்தப் பெண்ணும் வந்தாள். தெற்கே தேள் உருவம் நிமிர்ந்து நின்றது. சிவந்து ஒளிர்வது கேட்டை என்று காட்டினோம். தேளின் தலைப்பக்கத்து மீன்கூட்டம் ஒன்றிலே 1860-ம் ஆண்டு புது விண்மீன் ஒன்று வெடித்தெழுந்ததைப் போக்சன் கண்டதைச் சொன்னோம். வளைந்த வாலின் நுனியிலே மூலம். பல நூறு ஒளியாண்டுக்கு அப்பால் எரியும் நீல வெப்பப் பெருங்கோளம். அதற்குச் சற்றுக் கிழக்கே, வெறுங்கண்ணுக்குப் புகைபோல் மங்கலாய் ஒன்று. மெசியே பட்டியலிலே ஏழாம் எண்.

நோக்கியை வாங்கி அவள் பார்த்தாள். “புகை இல்லை. எல்லாம் மீன்கள்” என்றாள். மாணவன் தாளும் பென்சிலும் எடுத்து வந்து, எண்ணிச் சொல்லுங்கள் அக்கா, எழுதுகிறேன் என்றான். எண்ணத் தொடங்கினாள். நாற்பதைத் தொடும்போது மீனம்பாக்கம் பக்கமிருந்து முகில் வந்து மூடிவிட்டது. மறுநாள் இரவும் மேலே வரலாமா என்று கேட்டாள்.